வகுப்புக்குப் போகாத எல்.எல்.பி. வேண்டாம்

கேள்வி: பி.காம். முடித்துவிட்டுப் பெருங்குடியில் ஒரு கால் சென்டரில் வேலை பார்க்கிறேன், வயது 25. வக்கீலாக வேண்டும் என்பது ஆசை. மூன்று வருட எல்.எல்.பி.க்கு மதிப்பில்லை என்கிறார்கள். ஒரு ஏஜென்ட், பக்கத்து மாநிலக் கல்லூரியில் பணம் கட்டிவிட்டுப் பரீட்சைக்கு மட்டும் போனால் போதும் என்கிறார். பிளஸ் டூ படிக்கும் என் தங்கைக்கும் சட்டம்தான் பிடிக்கும். நாங்கள் என்ன செய்யலாம், மேடம்?
– வாசகி, வில்லிவாக்கம்

பதில்: அந்த ஏஜென்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீங்கம்மா. வக்கீல் தொழிலையும் சட்டப் படிப்பையும் கட்டுப்படுத்துகிற பார் கவுன்சிலின் விதிப்படி ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும், அதைப் பணம் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுக்கிறவர் நாளை பிரச்சினை வந்தால் போனை எடுக்க மாட்டார். வக்கீல்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்க உச்ச நீதிமன்றமே 2023-ல் குழு போட்டிருக்கிறது. அதைவிட, ஒருத்தருடைய ஜாமீனும் வீடும் உங்கள் கையில் வரப்போகிறது, சாட்சியச் சட்டத்தை ஒரு நாள்கூட உட்கார்ந்து கேட்காமல் அவர் முன்னால் எப்படி நிற்பீர்கள்? தபால் வழிப் படிப்பும் உதவாது, பி.ஜி.எல். என்று ஒன்றைச் சொல்வார்கள், அதை வைத்து கோர்ட்டில் வாதாட முடியாது.

மூன்று வருடப் படிப்புக்கு மதிப்பில்லை என்பது சுத்தப் பொய். மூன்றோ ஐந்தோ, என்ரோல்மென்ட் (பார் கவுன்சிலில் வக்கீலாகப் பதிவு செய்வது) ஒன்றுதான், போடுகிற கோட்டும் ஒன்றுதான். ஐந்து வருடத்தில் ஒரு டிகிரியையும் சட்டத்தையும் சேர்த்துப் படிக்கிறார்கள், உங்களிடம் அந்த டிகிரி ஏற்கெனவே இருக்கிறது. அதுவும் பி.காம்.! செக் பவுன்ஸ், ஜி.எஸ்.டி., கம்பெனி வழக்கு என்று வரும்போது பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரிந்த ஜூனியரை எந்த சீனியரும் விட மாட்டார்.

பட்டப் படிப்பில் பொதுவாக 45 சதவீதம் (எஸ்.சி., எஸ்.டி. என்றால் 40) இருந்தால் விண்ணப்பிக்கலாம். டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியில் ஹானர்ஸ் இருக்கிறது, அதில் கூடுதல் பாடங்கள். அரசு சட்டக் கல்லூரிகளில் சாதாரண எல்.எல்.பி., கட்டணம் மிகக் குறைவு. ஹைகோர்ட் வளாகத்தில் இருந்த பழைய கல்லூரி 2018-ல் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் போய்விட்டது. பட்டரைப்பெரும்புதூர் கிடைத்தால் உங்களுக்கு வில்லிவாக்கத்தில் ஏறி திருவள்ளூரில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டியதுதான்.

ஆனால் வேலையை விட வேண்டியிருக்கும், அதை வீட்டில் இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். படிப்பு மூன்று வருடம், அப்புறம் என்ரோல்மென்ட் (கட்டணம் 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, எஸ்.சி., எஸ்.டி.க்கு 125), அதன் பிறகு அகில இந்திய பார் தேர்வு, அதற்கும் மேல் ஜூனியராக ஓரிரண்டு வருடம் கையில் பெரிதாக எதுவும் நிற்காது. சென்னையில் ஜூனியருக்கு மாதம் 20,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னதும் 2024-ல்தான். அதைக் கொடுக்காத அலுவலகங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன, எனக்கு இது பெரிய வருத்தம். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் தொழிலை விட்டுப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால் இன்னும் ஒரு வருடம் வேலை பார்த்துக் கொஞ்சம் சேர்த்துவிட்டு வந்தாலும் தப்பில்லை, 26-ல் சேர்ந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. நீதிபதி ஆகும் எண்ணம் இருந்தால், சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்று வருடம் வக்கீலாக இருந்திருக்க வேண்டும் என்று 2025-ல் தீர்ப்பு வந்துவிட்டது, அதையும் கணக்கில் வையுங்கள்.

ஒரு நாள் லீவு போட்டு சைதாப்பேட்டை கோர்ட்டுக்குப் போய் காலை பத்தரையிலிருந்து மதியம் வரை பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், திறந்த நீதிமன்றம்தான். வாய்தா வாங்குவதும் பெயர் கூப்பிடும் வரை மணிக்கணக்கில் நிற்பதும்தான் பாதி நாள், அதைப் பார்த்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால் தாராளமாக வாருங்கள்.

தங்கைக்கு ஐந்து வருடப் படிப்பு சரி. பி.ஏ., பி.பி.ஏ., பி.காம். என்று எதோடும் சேர்த்து எல்.எல்.பி. படிக்கலாம். சட்டப் பல்கலைக்கழகத்திலும் அரசுக் கல்லூரிகளிலும் பிளஸ் டூ மார்க்தான், நுழைவுத் தேர்வு இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடும் உண்டு. திருச்சியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகம் மாதிரி இடங்களுக்கு கிளாட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், செலவும் லட்சக்கணக்கில் ஆகும். சமீப வருடங்களில் கிளாட் டிசம்பரிலேயே நடந்துவிடுகிறது, பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு விசாரித்தால் அந்த வருடம் போய்விடும், இன்றைக்கே அவளிடம் சொல்லிவிடுங்கள்.