வளரும் மூளையில் காபா நியூரானை ஏன் அடக்காமல் தூண்டுகிறது?

காபா என்பது முதிர்ந்த மூளையில் நியூரான்களை (நரம்புச் செல்களை) அடக்கும் வேதித்தூது. அது திறப்பது குளோரைடு சேனலை, அதாவது செல் சவ்வில் குளோரைடு அயனிகள் கடக்கும் வாயிலை. வளர்ச்சியின்போது அந்தச் சேனலின் துணை அலகுகளும் மாறுகின்றன. ஆனால் மின்னோட்டத்தின் திசையைத் தீர்மானிப்பது செல்லுக்குள் இருக்கும் குளோரைடின் அளவு.

இளம் நியூரானில் என்கேசிசி1 என்ற கடத்திப் புரதம் குளோரைடை உள்ளே ஏற்றுகிறது. வெளியேற்றும் கேசிசி2 அப்போது குறைவு. 37 டிகிரி செல்சியஸில் வெளியே 130 மில்லிமோலார், உள்ளே 25 என்று கணக்குப் போட்டால் குளோரைடின் சமநிலை மின்னழுத்தம் (அதன் நிகர ஓட்டம் நிற்கும் மின்னழுத்தம்) சுமார் −44 மில்லிவோல்ட். ஓய்வு மின்னழுத்தம் −65 என்றால், சேனல் திறந்ததும் குளோரைடு வெளியேறி மின்னழுத்தம் ஏறும். உள்ளே 6 ஆகக் குறைந்தால் சமநிலை −82. அதே சேனல் இப்போது அடக்கும். எலியின் மூளைப் புறணியில் இம்மாற்றம் பெரும்பாலும் பிறந்த முதல் இரண்டு வாரங்களில் நடக்கிறது. (மின்னழுத்தம் ஏறினாலே நியூரான் மின்துடிப்பை வெளியிடும் என்றில்லை. திறந்த சேனல் சவ்வின் மின்தடையைக் குறைப்பதால், பிற தூண்டல்கள் வலுவிழக்கவும் செய்யும்.)

இந்தச் சமநிலையை அளக்கும்போதுதான் பலர் சறுக்குவது. சாதாரண முழுசெல் பேட்ச் கிளாம்பில் (நுண்ணிய கண்ணாடிக் குழாயான பிப்பெட்டைச் செல்லில் ஒட்டி, சவ்வைத் திறந்து மின்னோட்டத்தை அளக்கும் முறை) பிப்பெட் கரைசல் செல்லுக்குள் கலந்துவிடும். கிடைப்பது நீங்கள் ஊற்றிய குளோரைடின் எண்தான். சவ்வைக் கிழிக்காமல் அதில் நுண்துளைகள் இடும் கிராமிசிடின் என்ற ஆன்டிபயாடிக்கின் துளைகள் குளோரைடை விடாது, எனவே அதைப் பயன்படுத்துங்கள். பிப்பெட்டில் குளோரைடை அதிகமாக வையுங்கள்: சவ்வு கிழிந்தால் காபாவின் திருப்பு மின்னழுத்தம் (மின்னோட்டத்தின் திசை மாறும் புள்ளி) சட்டென்று பூஜ்யத்தை நோக்கி நகர்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.