கடலாமை ஏன் கண்ணீர் விடுகிறது?

அது உப்புச் சுரப்பியின் வேலை. இரத்தத்தில் மிஞ்சும் உப்பைப் பிரித்து வெளியே தள்ளும் உறுப்பு அது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. அதைச் சமாளிக்க ஊர்வன, பறவைகளின் சிறுநீரகம் மட்டும் போதாது. ஊறுகாயை அதிகம் தின்றுவிட்டால் நாம் இரண்டு சொம்பு தண்ணீர் குடிப்போம். கடலில் அந்தத் தண்ணீரே உப்பு! அதனால்தான் இந்த இரண்டாவது வடிகால்.

ஆமைக்கு அது கண்ணருகே, கடற்பாம்புக்கு நாக்கின் அடியில். கடற்காகத்துக்குக் கண்ணுக்கு மேலே. அங்கிருந்து மூக்குத்துளை வழியாக வழிந்து அலகு நுனியில் சொட்டும், தலையை ஓர் உதறு உதறும். கலாபகோஸ் தீவுகளின் கடல் உடும்போ தும்மியே தள்ளும். காய்ந்த உப்பு அதன் தலையில் வெள்ளைத் தொப்பிபோலப் படிந்திருப்பது அத்தனை அழகு.

சென்னைக் கரையில் பங்குனி ஆமை முட்டையிடும்போது வலியில் அழுவதாகச் சொல்வார்கள். அப்படியில்லை, கடலுக்குள்ளும் அந்த நீர் சுரக்கிறது, நமக்குத்தான் தெரிவதில்லை.