ஷெர்வுட் காட்டுக்குத் திரும்புவோர் கேட்டவை: கேள்வி பதில்

இங்கிலாந்தின் ஷெர்வுட் காட்டில் பதுங்கி வாழ்ந்ததாகச் சொல்லப்படும் கொள்ளையன் ராபின் ஹூட்டின் கதையை அடிப்படையாகக் கொண்டு சியரா ஆன்லைன் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் வெளியிட்ட 'கான்குவெஸ்ட்ஸ் ஆஃப் தி லாங்போ' என்ற கணினிச் சாகச விளையாட்டை இப்போது மீண்டும் ஆட விரும்புவோர் சிலர் என்னிடம் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். இதைப் பலமுறை ஆடி முடித்தவன், இன்னும் ஆடிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கேள்வி: பழைய நெகிழ்வட்டுகளில் இருந்த கோப்புகளைப் படியெடுத்து வைத்திருக்கிறேன். இன்றைய கணினியில் எப்படி இயக்குவது?

பதில்: கோப்புகள் பழுதில்லாமல் இருந்தால் ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருளே போதும். விளையாட்டு இருக்கும் கோப்புறையைச் சுட்டிக் காட்டினால் அது தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும். பழைய டாஸ் கணினியைப் போலவே நடந்துகொள்ளும் டாஸ்பாக்ஸ் மென்பொருளிலும் ஆடலாம். ஆனால் தடியடிச் சண்டை போன்ற இடங்களில் வேகத்தை நாமே கூட்டிக் குறைத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும் என்பதால் ஸ்கம்விஎம்மையே பரிந்துரைக்கிறேன்.

தொடங்குமுன் ஓர் அமைப்பை மட்டும் மறக்காமல் மாற்றுங்கள். விளையாட்டின் படங்கள் 320க்கு 200 புள்ளிகள் என்ற அளவில் வரையப்பட்டவை. அந்தக் காலத்துத் திரையின் அகல உயர விகிதம் 4க்கு 3 என்பதால் ஒவ்வொரு புள்ளியும் சற்றே உயரமாக விழுந்தது. இன்றைய திரையில் அப்படியே காட்டினால் ராபின் குள்ளமாகவும், வட்டங்கள் நசுங்கியும் தெரியும். விகிதத் திருத்தம் என்ற தெரிவை இயக்கியதும் எல்லாம் வரைந்தவர் நினைத்த வடிவத்துக்கு வந்துவிடும். ஓவியர் பீட்டர் லெட்ஜர் 256 நிறங்களுக்குள் நின்று தீட்டிய காட்டை நசுங்கிய வடிவில் பார்ப்பது அவர் உழைப்புக்குச் செய்யும் குறை என்றே நான் நினைக்கிறேன்.

கேள்வி: கையேடு என்னிடம் இல்லை. அது இல்லாமல் ஆடலாமா?

பதில்: ஆடிப் பார்த்தேன், முடியவில்லை. நான் முதன்முதலில் வாங்கிய பழைய பிரதியில் வட்டுகள் மட்டுமே இருந்தன. பாதி வழியில் ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் வாரக்கணக்கில் நின்றுபோனேன். கேடயச் சின்னங்கள், இரத்தினக் கற்களின் பலன்கள், மரங்களைப் பற்றிய பழைய நம்பிக்கைகள் ஆகியவற்றை விளையாட்டு நம்மிடம் கேட்கும். திருட்டுப் பிரதிகளைத் தடுப்பதற்காகச் செய்த ஏற்பாடுதான் என்றாலும், வடிவமைப்பாளர் கிறிஸ்டி மார்க்ஸ் அதைக் கதையோடு பிரிக்க முடியாதபடி பின்னியிருக்கிறார். மரங்களின் பெயரால் எழுத்துகளை அழைத்து, ஒவ்வோர் எழுத்தையும் விரல் கணுக்களில் தொட்டுக் காட்டும் மறைமொழி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வரலாற்றில் இத்தகைய எழுத்து அயர்லாந்துக்கு உரியது, கதை நடக்கும் நாட்டிங்காமுக்குச் சொந்தமில்லை. ஆனாலும் இடது கையை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கணுவாக எண்ணி ஒரு சொல்லை நாமே கூட்டிப் படிக்கும்போது, திரைக்கு வெளியே நம் கையும் அந்த விளையாட்டுக்குள் போய்விடுகிறது. ஆகவே கையேட்டைத் தேடிப் பிடித்து, முடிந்தால் அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிறுவயதில் ஆடியபோது கடைசியில் ராபின் தூக்கிலிடப்பட்டான். எங்கே தவறு செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் மற்ற கேள்விகளையும் எழுத ஒப்புக்கொண்டேன் என்று சொல்லலாம். நீங்கள் ஒரே இடத்தில் தவறியிருக்க மாட்டீர்கள். சிறைப்பட்ட இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டை மீட்கப் பணம் திரட்டுவதே ராபினின் பணி. ஆனால் இறுதியில் மன்னர் முன்னிலையில் நடக்கும் விசாரணையில் பணத்தின் கணக்கு மட்டும் பார்க்கப்படுவதில்லை. எத்தனை தோழர்களைப் பலிகொடுத்தோம், யாரைக் காப்பாற்றினோம், வழியில் சந்தித்த எளியவர்களை எப்படி நடத்தினோம் என்பதெல்லாம் சாட்சிகளின் வாய்மொழியாக நம் முன்னே திரும்பி வருகிறது. தூக்குமேடை முதல் காதலி மேரியனோடு திருமணம் வரை முடிவுகள் பலவாக இருப்பதற்கு அதுவே காரணம்.

தொடக்கத்திலேயே இதற்கு ஓர் இடம் உண்டு. விதவை ஒருத்தியின் மூன்று மகன்களை நாட்டிங்காமின் அரசு அதிகாரியான ஷெரிஃப் தூக்கிலிடப்போகிறான். லிட்டில் ஜான் முதலிய தோழர்கள் கூடி ஆளுக்கொரு யோசனை சொல்ல, எதன்படி நடப்பது என்பதை நாம் தீர்மானிக்க வேண்டும். எதைத் தேர்ந்தாலும் கதை பெரும்பாலும் நகர்ந்துவிடும் என்பதால், மோசமான யோசனையைத் தேர்ந்தவருக்கும் வென்றுவிட்டதாகவே தோன்றும். ஆனால் செத்துப்போன தோழர்களின் எண்ணிக்கை மட்டும் சத்தமில்லாமல் கணக்கில் ஏறியிருக்கும். வழிப்போக்கரிடமும் இதே நிலைதான்: அம்பெய்வது எளிது, பேசுவதும் காசு கொடுப்பதும் நல்லது. மாறுவேடத்துக்காகப் பிச்சைக்காரரின் உடையைப் பெறும்போது அவர் கையில் பணம் கொடுத்துப் பெறுங்கள். கடந்துபோன நாளுக்குத் திரும்ப முடியாது என்பதால் ஒவ்வொரு நாளின் தொடக்கத்திலும் தனிப் பெயரில் சேமித்து வையுங்கள்.

கேள்வி: நாட்டிங்காம் விடுதியில் காய்களை வைத்து ஆடும் ஆட்டத்தில் தோற்றுக்கொண்டே இருக்கிறேன்.

பதில்: அது 'நைன் மென்ஸ் மாரிஸ்', ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சதுரங்கள் வரைந்து 24 புள்ளிகளில் ஆளுக்கு 9 காய்களை வைத்து ஆடும் பழைய ஆட்டம். கேன்டர்பரி, கிளாஸ்டர் போன்ற இங்கிலாந்துத் தேவாலயங்களின் கல் இருக்கைகளில் இந்தக் கட்டங்களை யாரோ கீறி வைத்திருப்பதை இன்றும் காணலாம். மூன்று காய்கள் ஒரே கோட்டில் சேர்ந்தால் எதிரியின் ஒரு காயை எடுக்கலாம். இரண்டே காய்கள் மிஞ்சியவர் தோற்றவர்.

புதியவர்கள் பெரும்பாலும் மூலைகளைப் பிடிக்க ஓடுவார்கள், அங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். மூலையில் உள்ள காய்க்குப் போக இரண்டே வழிகள். நடுச் சதுரத்தின் பக்க மையங்களுக்கோ நான்கு வழிகள். அந்த நான்கு புள்ளிகளில் இரண்டையாவது முதலில் பிடித்துவிட்டு, காய் வைத்து முடியும் வரை வரிசை கட்ட அவசரப்படாமல் இருந்தால், பிறகு ஒரே காயை முன்னும் பின்னும் நகர்த்தி ஒவ்வொரு நகர்விலும் ஒரு வரிசை சேரும்படி அமைத்துவிடலாம். அந்த அமைப்பு கிடைத்துவிட்டால் எதிரி மீள்வது அரிது.

கேள்வி: நான் வரலாறு படிக்கும் மாணவி. விளையாட்டில் உள்ளது உண்மையான மத்தியகாலக் கதைதானா?

பதில்: பல காலத்துக் கதைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. ராபின் ஹூட்டைப் பற்றிய மிகப் பழைய பாடல்களில் மேரியன் இல்லை. அவள் பிற்காலத்து மே மாத விழாக் கூத்துகளின் வழியாக வந்து சேர்ந்தவள். 1500ஆம் ஆண்டை ஒட்டி அச்சான நெடும்பாடலில் மன்னரின் பெயர் ரிச்சர்ட் அல்ல, எட்வர்டு; ராபின் திரியும் இடமும் பெரும்பாலும் யார்க்‌ஷயரின் பார்ன்ஸ்டேல். ரிச்சர்டின் காலத்தில் ராபினை வைத்தவர் 1521இல் எழுதிய ஸ்காட்லாந்து வரலாற்றாசிரியர் ஜான் மேஜர். அதே சமயம், விளையாட்டில் ராபின் பதுங்கி நிற்கும் வாட்லிங் தெருவின் பெயர் அந்த நெடும்பாடலிலேயே வருகிறது.

மீட்புப் பணம் முழுக்க வரலாறு. சிலுவைப்போரிலிருந்து திரும்பிய ரிச்சர்டை 1192 டிசம்பரில் வியன்னாவுக்கு அருகே ஆஸ்திரியாவின் ஆட்சியாளர் லியோபோல்டு பிடித்து, பிறகு புனித ரோமப் பேரரசர் ஆறாம் ஹென்றியிடம் ஒப்படைத்தார். பேசி முடித்த தொகை, மார்க் என்ற அக்காலப் பணக் கணக்கில், 1,50,000 மார்க். அதில் 1,00,000 மார்க் முன்னதாகச் செலுத்தப்பட்டது. ஆங்கிலக் கணக்கில் ஒரு மார்க்குக்கு 160 வெள்ளிப் பென்னி என்று வைத்தால் அது 1,60,00,000 பென்னி ஆகும். மன்னரின் தாய் எலினோர் முன்னின்று, வருமானத்தில் கால் பங்கு வரியும் தேவாலயங்களின் வெள்ளியும் திரட்டினார். விடுதலையாகி வந்த ரிச்சர்ட் 1194 மார்ச் மாதத்தில் நாட்டிங்காம் கோட்டையை முற்றுகையிட்டுப் பிடித்தார். மறுநாள், 29ஆம் தேதி, ஷெர்வுட் காட்டுக்குப் போனார் என்றும் அந்தக் காடு அவருக்கு மிகவும் பிடித்திருந்தது என்றும் அக்காலக் குறிப்பு சொல்கிறது. விளையாட்டின் கடைசிக் காட்சியை ஆடும்போது இந்தத் தேதியை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பத்து வயது மகளோடு சேர்ந்து ஆடலாமா?

பதில்: நீங்கள் அருகில் இருந்தால் ஆடலாம். தூக்குமேடையும், சூனியக்காரி என்று குற்றம்சாட்டி மேரியனை எரிக்கப் பார்க்கும் காட்சியும் உண்டு. உரையாடல் முழுவதும் திரையில் எழுத்தாகவே வருவதால் உரக்கப் படித்துக் காட்டுவது இருவருக்கும் இன்பமாக இருக்கும். காட்டில் வரும் பசுமை மனிதன் கேட்கும் விடுகதைகளை மகளிடமே விட்டுவிடுங்கள்.

கேள்வி: இதை முடித்தபின் எதை ஆடுவது?

பதில்: கிறிஸ்டி மார்க்ஸ் இதற்கு முன் 1990இல் செய்த 'கான்குவெஸ்ட்ஸ் ஆஃப் கேமலாட்' விளையாட்டை ஆடுங்கள். ஆர்தர் மன்னர் புனிதக் கிண்ணத்தைத் தேடிப் போகும் கதை அது. அதில் 16 நிறங்களே உள்ளன, கட்டளைகளைத் தட்டச்சு செய்யவும் வேண்டும். திறமை, அறிவு, ஆன்மா என மூன்று தனித்தனி மதிப்பெண்கள் இருப்பதால், வாள் வீச்சில் நிறைய சேர்த்தவர் ஆன்மாவில் வெறுங்கையோடு நிற்கக்கூடும். கோட்டையை விட்டுக் கிளம்புமுன் அங்குள்ள கோயிலுக்குள் போங்கள். கிறிஸ்துவுக்கு ஒன்றும் பண்டைய ரோமானியர் வணங்கிய மித்ராஸுக்கு ஒன்றுமாக இரண்டு பலிபீடங்கள் இருக்கும். இரண்டிலும் காணிக்கை வையுங்கள்.