கைக்குள் ஓடும் சுண்டெலி

கேள்வி: ஜிம்மில் சொல்லித்தரும் அண்ணன் ‘மசில்னா லத்தீன்ல எலின்னு அர்த்தம்டா’ என்கிறார். நிஜமா, கலாய்க்கிறாரா?
— கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: நிஜம்தான் தம்பி. சரியாகச் சொன்னால் எலிகூட இல்லை, சுண்டெலி. லத்தீனில் ‘மூஸ்’ எலி, ‘மூஸ்குலுஸ்’ குட்டி எலி. அதே சொல்தான் தசைக்கும். சட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று முழங்கையை மெல்ல மடக்கி நீட்டிப் பாருங்கள், தோலுக்கடியில் உருண்டையாக ஒன்று மேலே ஏறி இறங்குமே, அது போர்வைக்குள் எலி ஓடுகிற மாதிரி இருந்ததால் வந்த பெயர் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். (என் கையில் அது வளையை விட்டு வெளியே வருவதில்லை.)

ரோமானியர்களுக்கு மட்டும் தோன்றியதும் இல்லை. கிரேக்கத்தில் ‘மீஸ்’ என்ற ஒரே சொல்தான் எலிக்கும் தசைக்கும். காய்ச்சலில் உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலிக்கும்போது டாக்டர் சீட்டில் ‘மயால்ஜியா’ என்று எழுதுகிறாரே, அதிலுள்ள ‘மயோ’ இந்தக் கிரேக்க எலிதான். ரஷ்யனில் எலி ‘மிஷ்’, தசை ‘மிஷ்த்சா’. டச்சுக்காரர்கள் கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்கையில் மேடாக இருக்கிற சதையை இன்றைக்கும் எலி என்றே சொல்கிறார்கள். ஸ்பானிஷில் அது காலுக்கு இறங்கிவிட்டது: தொடைக்கு ‘முஸ்லோ’, அதுவும் மூஸ்குலுஸில் இருந்து வந்ததுதான். விலங்கியலில் வீட்டுச் சுண்டெலிக்கு 1758இல் ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் வைத்த பெயர் ‘மூஸ் மூஸ்குலுஸ்’.

நமக்குத் தெரிந்த ஆளும் இந்தக் குடும்பத்தில் உண்டு. பிள்ளையார் ஏறி வருகிற மூஷிகம்! சமஸ்கிருத ‘மூஷ’மும் லத்தீன் ‘மூஸ்’ஸும் ஒரே வேர். அதே எலியில் இருந்து சமஸ்கிருதத்தில் ‘முஷ்க’ என்று ஒரு சொல் கிளைத்தது, அர்த்தம் விதைப்பை. வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர், சிரிக்காதீர்கள். அது பாரசீகம் போய் ‘முஷ்க்’ ஆகி, கஸ்தூரியைக் குறித்து, அப்புறம் ஐரோப்பாவில் ‘மஸ்க்’ ஆனது. நீங்கள் ஜிம்முக்குப் போகும்போது அடித்துக்கொள்கிற சென்ட்டில் அந்தப் பெயர் இருந்தால் அங்கேயும் எலிதான்.

கேள்வி: தமிழர்களுக்கு எலி ஞாபகம் வரவில்லையா?
— அதே மாணவர்

பதில்: நமக்கு மீன் ஞாபகம் வந்தது. கெண்டைக்கால் என்கிறோமே, அந்தக் கெண்டை மீன்தான் என்பார்கள். மாடிப்படி ஏறுகிறவர் காலைப் பின்னாலிருந்து கவனியுங்கள், நடுவில் புடைத்து இரண்டு பக்கமும் ஒடுங்கி அச்சு அசலாக மீன். கவிஞர்கள் கெண்டையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்கள், ஊர்ச்சனம் காலுக்குக் கொண்டுவந்தது. இதில் என் ஓட்டு ஊர்ச்சனத்துக்குத்தான், நடுராத்திரியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்போது உள்ளே ஒன்று துள்ளுவது நன்றாகவே தெரிகிறது.