தமிழில் ஸ்லைடு போட்டுப் பேசுகிறவர்கள் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

டிசைன், கலர் பற்றியெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டதை மட்டும் சொல்கிறேன். விவசாயிகளுக்கும் மாணவர்களுக்கும் மண் பரிசோதனை பற்றி வகுப்பெடுப்பது என் வேலை.

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். பென் டிரைவில் 40 ஸ்லைடு, எல்லாம் பாமினியில் அடித்தது. தலைப்பு 'தமிழ்நாட்டு மண் வகைகள்'. அங்கிருந்த கம்ப்யூட்டரில் திறந்தால், 'தமிழ்' இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி! பாமினி யூனிகோடு (ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் பொது முறை) இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேஷம் போட்டுவிட்ட ஃபாண்ட். அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் வேஷம் கலைந்துவிடும். வேறு வழியில்லாமல் சாக்பீஸை எடுத்துக்கொண்டு பேசினேன். அன்றைக்குக் கேள்வி கேட்டவர்கள் வழக்கத்தைவிட அதிகம்.

அப்புறம் எல்லாமே யூனிகோடுதான். நிர்மலா யூஐ என்ற ஃபாண்ட் போதும், விண்டோஸ் 8-இலிருந்து கூடவே வருகிறது. லதா ஃபாண்டை நம்ப வேண்டாம். விண்டோஸ் 10-இல் அது தனியாகச் சேர்க்க வேண்டிய ஃபாண்ட். அழகான வேறு ஃபாண்ட்தான் வேண்டுமென்றால், பவர்பாயிண்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போய் எம்பெட் ஃபாண்ட்ஸில் டிக் போடுங்கள், ஃபாண்டும் ஃபைலோடு சேர்ந்தே போகும். கூடவே ஒரு பிடிஎஃப் நகலும் இருக்கட்டும். அதில் அனிமேஷன் ஓடாது (ஓடாவிட்டால் நல்லது என்பேன்), ஆனால் எழுத்து உடையாது.

எழுத்தின் அளவில் ஆங்கிலக் கணக்குத் தமிழுக்கு உதவாது. 'ஒருங்கிணைந்த ஊட்டச்சத்து மேலாண்மை' என்று போட்டாலே தலைப்பு இரண்டாவது வரிக்குப் போய்விடும். உடனே எழுத்தைச் சின்னதாக்கத் தோன்றும். அதற்குப் பதில் சொல்லைக் குறையுங்கள், 'எந்த உரம், எவ்வளவு' என்றாலே விஷயம் புரியும். நான் 28 பாயிண்டுக்குக் கீழே போவதில்லை. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பார்ப்பேன். மெய்யெழுத்தின் புள்ளி தெரிந்தால் சரி. வரி இடைவெளியையும் கொஞ்சம் கூட்டி வையுங்கள். இல்லாவிட்டால் மேல்வரி 'கூ'வின் வாலும் கீழ்வரி 'கீ'யின் சுழியும் முட்டிக்கொள்ளும்.

அந்தச் சாக்பீஸ் வகுப்பு இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. திரையில் எதுவும் இல்லாவிட்டால்தான் ஆட்கள் நம் முகத்தைப் பார்க்கிறார்கள். பவர்பாயிண்ட் ஓடும்போது 'பிளாக்' என்பதன் முதலெழுத்தான பி விசையை அழுத்தினால் திரை கறுத்துவிடும், மறுபடி அழுத்தினால் அதே ஸ்லைடு வந்துவிடும். பெங்குவினுக்கு வரும் இன்னொரு பி-யை அழுத்தினால் முந்தைய ஸ்லைடுக்குப் போய்விடும், கவனம். ஒரு மணி நேர வகுப்பில் நான் ஆறேழு முறையாவது திரையைக் கறுப்பாக்கிவிட்டு, மண்ணைக் கையில் எடுத்து உருட்டிக் காட்டுவேன்.

யாராவது பழைய படத்தைக் கேட்டால் ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளிக்கொண்டு போக வேண்டாம். ஸ்லைடு எண்ணை அடித்து எண்டர் தட்டினால் நேராக அங்கே போய்விடலாம். உவர் மண் 17, களர் மண் 22 என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருப்பேன்.