முன் நாற்காலியும் மூன்றாவது வரியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பங்குக் கோயிலில் விழா என்றால் முன்வரிசை நாற்காலிக்கு ஒரே தள்ளுமுள்ளு. நான் எப்போதும் கடைசி வரிசையில்தான் உட்காருவேன். "பின்னால் போய் உட்காருவதுதான் உன் பெருமையே" என்கிறார் என் கணவர். அவர் சொல்வது சரியா?
(வாசகி, ரோஸ் ஹில், மொரிஷியஸ்)

பதில்: வீட்டுக்காரர் கொஞ்சம் குத்தலாகத்தான் சொல்லியிருக்கிறார், ஆனாலும் முழுக்கத் தள்ளிவிட முடியாது அம்மா. கடைசி இடத்தில் உட்கார் என்று இயேசு சொன்னது லூக்கா 14-இல் வருகிறது. பரிசேயர் ஒருவர் வீட்டு விருந்தில், வந்தவர்கள் நல்ல இடமாகப் பார்த்துப் பார்த்துப் பிடிப்பதைக் கவனித்துவிட்டுச் சொல்கிறார். நம்மில் பலர் அதை ஒரு தந்திரமாகவே எடுத்துக்கொண்டோம். பின்னால் உட்கார்ந்தால் யாராவது ஓடி வந்து "ஐயோ, நீங்கள் இங்கேயா, முன்னால் வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போவார்கள், நாலு பேர் பார்ப்பார்கள். அழைக்க யாரும் வராவிட்டால் முகம் சுருங்கிவிடும். உங்கள் முகம் சுருங்குகிறதா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

பிரசங்கங்களில் இந்தப் பகுதி பெரும்பாலும் 11-ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. அப்புறம் வரும் மூன்று வசனங்களில் இயேசு விருந்து கொடுத்தவர் பக்கம் திரும்புகிறார்: உறவுக்காரர்களையும் பணக்கார அண்டை வீட்டாரையும் கூப்பிடாதே, ஏழைகளையும் நடக்க முடியாதவர்களையும் பார்வையற்றவர்களையும் கூப்பிடு, உனக்குத் திருப்பிச் செய்ய அவர்களிடம் ஒன்றும் இல்லை என்கிறார். உள்ளே எந்த நாற்காலி யாருக்கு என்று நாம் அடித்துக்கொண்டிருக்க, அவர் வாசலுக்கு வெளியே நிற்பவர்களைப் பார்க்கிறார். அதனால் கிடைத்த இடத்தில் உட்காருங்கள், முன்வரிசைதான் காலி என்றால் அங்கேயே உட்காருங்கள், ஒன்றும் ஆகாது. ஏழு கறி விருந்து பரிமாறும் நேரத்தில் மட்டும் எழுந்து, யாருக்கு இன்னும் இலை போடவில்லை என்று ஒரு சுற்று பார்த்துவிட்டு வாருங்கள். வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள், பேச்சு குறையும்.

கேள்வி: பெரிய ஆளாக வேண்டும் என்று ஆசைப்படுவது பாவமா?
(மாணவர், க்யூர்பிப்)

பதில்: இல்லை தம்பி. சீடர்கள் யாக்கோபும் யோவானும் உமக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் இடம் வேண்டும் என்று கேட்டபோது இயேசு ஆசையைத் திட்டவில்லை, நான் குடிக்கப்போகும் கிண்ணத்தில் உங்களால் குடிக்க முடியுமா என்றுதான் கேட்டார். (மாற்கு மகன்களே கேட்டதாக எழுதுகிறார், மத்தேயு அம்மா வந்து கேட்டதாக எழுதுகிறார். நம் ஊர் அம்மாக்களைத் தெரிந்தவன் என்ற முறையில் நான் மத்தேயு பக்கம்.) மற்ற பத்துப் பேருக்கும் கோபம் வந்தது, அதே இடத்தில் அவர்களுக்கும் ஒரு கண் இருந்திருக்கும், வேறென்ன. பெரியவராக வேண்டுமா, எல்லாருக்கும் தொண்டு செய் என்பது அங்கே கிடைத்த பதில். அந்த வலமும் இடமும் கடைசியில், சிலுவையில், யாருக்குப் போனது என்று மாற்கு 15:27-ஐத் திறந்து பார்.

கேள்வி: 1998-இல் நம் புது ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளி அச்சடித்தபோது என் தாத்தா போராட்டத்துக்குப் போனாராம். தாழ்மையைப் போதிக்கிற கிறிஸ்தவர் இரண்டாவது வரிக்காகத் தெருவில் இறங்கலாமா?
(வாசகர், போர்ட் லூயிஸ்)

பதில்: தாராளமாக இறங்கலாம். ஆங்கிலம், தமிழ், இந்தி என்று காலங்காலமாக இருந்த வரிசையைத்தான் மாற்றினார்கள். தமிழர்கள் எதிர்த்தார்கள், நோட்டுகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. என் இடத்தை நான் விட்டுக்கொடுப்பது ஒன்று, உன் இடத்தை நீ விட்டுக்கொடு என்று அடுத்தவனுக்கு உபதேசம் செய்வது முற்றிலும் வேறு. இரண்டாவதாகச் சொன்னது தாழ்மையே இல்லை, மேலே உட்கார்ந்திருப்பவனுக்கு அது வெறும் வசதி.

திருத்தூதர் பவுலைப் பாருங்கள். பிலிப்பி நகரத்தில் விசாரணையே இல்லாமல் அவரையும் கூடப் போன சீலாவையும் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் காலையில் சத்தமில்லாமல் போய்விடுங்கள் என்று ஆள் அனுப்பினால் பவுல் நகரவில்லை. நாங்கள் உரோமைக் குடிமக்கள், எல்லார் முன்னாலும் அடித்துவிட்டு இப்போது ரகசியமாக அனுப்புவதா, அவர்களே வந்து எங்களை வெளியே கூட்டிப் போகட்டும் என்றார் (திருத்தூதர் பணிகள் 16). வந்தார்கள், கெஞ்சினார்கள். கிறிஸ்து தம்மையே வெறுமையாக்கி அடிமையின் வடிவை ஏற்றார் என்ற அந்தப் புகழ்பெற்ற வரிகளை அதே பவுல் எழுதியது எந்த ஊர்ச் சபைக்குத் தெரியுமா? அதே பிலிப்பிக்குத்தான்! இயேசுவும் தம்மைக் கன்னத்தில் அறைந்த காவலனிடம் ஏன் என்னை அடிக்கிறாய் என்று கேட்டார்.

நம் தீவிலேயே பேர் லவால் (லவால் சாமியார்) இருக்கிறார். நார்மண்டியில் மருத்துவராக இருந்தவர், அதை விட்டுவிட்டு குருவாகி 1841-இல் இங்கே இறங்கினார். அடிமை முறை ஒழிந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தது. தோட்ட முதலாளிகளோடு விருந்து சாப்பிட்டுக் காலம் தள்ளியிருக்கலாம். அவர் விடுதலையானவர்களின் குடிசைகளுக்குப் போனார், அவர்கள் பேசிய கிரியோலைக் கற்று அதிலேயே மறைக்கல்வி நடத்தினார், அவர்களிலிருந்தே உபதேசியார்களை உருவாக்கினார். நேற்று வரை விலைக்கு விற்கப்பட்டவர்களை மற்றவர்களுக்குப் போதிக்கிற இடத்தில் நிறுத்தினார் என்றால் அந்த நாளில் அது எவ்வளவு பேரை எரிச்சல்படுத்தியிருக்கும்! தாழ்ந்தவர் லவால், உயர்ந்தவர்கள் விடுதலையானவர்கள். 1864 செப்டம்பர் 9-இல் இறந்தார், 1979-இல் அருளாளர் பட்டம் கிடைத்தது, இன்றும் செப்டம்பரில் இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்துதான் சாந்த் குருவாவில் உள்ள அவர் கல்லறைக்கு நடக்கிறார்கள். உங்கள் தாத்தாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஆனால் நம் கோரிக்கை இரண்டாவது வரிக்காகவா, இந்தி கீழே இருக்க வேண்டும் என்பதற்காகவா என்பதை மட்டும் ஒருமுறை அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: பெரிய வியாழனில் காலைக் கழுவ வருஷா வருஷம் அதே பன்னிரண்டு பிரமுகர்கள்தான். யாரிடம் சொல்வது?
(பெயர் வேண்டாம், வாக்வா)

பதில்: பங்குத் தந்தையிடமே சொல்லுங்கள், நேராக, மரியாதையாக. 2013-இல் போப் பிரான்சிஸ் உரோமில் ஒரு சிறார் சிறைக்குப் போய் இளம் கைதிகளின் கால்களைக் கழுவினார், அதில் பெண்களும் முஸ்லிம்களும் இருந்தார்கள். 2016-இலிருந்து வழிபாட்டு விதியே பெண்களையும் சேர்க்க அனுமதிக்கிறது. உங்களையே கூப்பிட்டால் மட்டும், இயேசு காலைக் கழுவ வந்தபோது பேதுரு சொன்ன மாதிரி "வேண்டவே வேண்டாம்" என்று அடம்பிடிக்காதீர்கள்.