எரிவு குறைந்தால் கொனோரியா மாறிவிட்டது என்று பொருளா?

புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து 29 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். லொறியில் மரக்கறி ஏற்றிக்கொண்டு வெளிமாவட்டங்களுக்குப் போய்வருபவர். அவருடைய கடிதத்தின் சாரம் இது:

"மூன்று கிழமைக்கு முன்னர் வெளியூரில் ஒரு பெண்ணுடன் ஆணுறை இல்லாமல் உறவு கொண்டேன். நாலாம் நாள் சலம் போகும்போது தாங்க முடியாத எரிவு, உள்ளாடையில் மஞ்சளாகச் சிதல். பாமசியில் கேட்டேன், மூன்று நாளுக்குச் சிப்ரோபுளொக்சசின் குளிசை தந்தார்கள். எரிவு குறைந்துவிட்டது. விடிய எழும்பும்போது மட்டும் ஒரு துளி சிதல் இப்போதும் வருகிறது. இதற்கிடையில் மனைவியுடனும் சேர்ந்துவிட்டேன். அவருக்கு இப்போது ஐந்து மாதம். அவருக்கு ஒரு குறையும் இல்லை, கிளினிக்கில் எடுத்த குருதிப் பரிசோதனையும் நல்லதாகவே இருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் அதே குளிசையைப் போட்டால் போதுமா? ஊசி இல்லாமல் மாற்றக்கூடிய புது மருந்து வந்திருப்பதாக வாசித்தேன், அதற்காகக் காத்திருக்கலாமா? மனைவிக்குச் சொல்லத்தான் வேண்டுமா?"

தம்பி, முதலில் மூன்று கேள்விகளுக்கும் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். அதே குளிசை போதாது, இனி ஒன்றுகூடப் போட வேண்டாம். புது மருந்துக்காகக் காத்திருக்கவும் கூடாது. உங்கள் மனைவி கட்டாயம் பரிசோதிக்கப்பட வேண்டும். அவர் சுகமாக இருப்பதாகத் தெரிவது அவருக்குத் தொற்று இல்லை என்பதற்குச் சான்று ஆகாது.

உறவு கொண்டு இரண்டு முதல் ஐந்து நாட்களுக்குள் எரிவும் மஞ்சள் சிதலும் ஆணுக்கு வருமானால், மருத்துவர் முதலில் நினைப்பது கொனோரியா என்ற பாலியல் நோயைத்தான். எங்கள் முதியவர்கள் வெட்டை என்று சொல்லிவந்த வருத்தங்களுள் இதுவும் அடங்கும், ஆனால் அந்தப் பெயருக்குள் வேறு பல நோய்களும் இருந்தன. கடிதத்தை வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது. கிளமிடியா என்ற இன்னொரு தொற்று கூடவே இருப்பதும் சாதாரணம். ஆகவே மருந்துக்கு முன் பரிசோதனை என்ற ஒழுங்கை இம்முறை தவறவிட வேண்டாம்.

அந்தப் பரிசோதனை எப்படி நடக்கும் என்று தெரிந்தால் உங்கள் பயம் பாதியாகும். ஆண்குறியின் நுனியில் இருந்து சிறிதளவு சிதலை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி, முதலில் ஊதாச் சாயம், பின்னர் அயடீன் ஊற்றி, அற்ககோலால் கழுவி, கடைசியில் இளஞ்சிவப்புச் சாயம் இடுவார்கள். கொனோரியாக் கிருமி ஊதா நிறத்தை விட்டுவிட்டு இளஞ்சிவப்பை ஏற்கும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால், சிதலில் செத்துக் கிடக்கும் வெண்குருதிக் கலங்களின் உள்ளே, இரண்டு கௌபி விதைகளைக் குழிந்த பக்கம் ஒன்றையொன்று பார்க்க வைத்ததுபோல, சோடி சோடியாகக் கிருமிகள் தெரியும். 1879 இல் அல்பேர்ட் நைசர் இந்தச் சோடிகளைத்தான் கண்டு விவரித்தார். சிதல் வரும் ஆண்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவர்களில் இந்த எளிய முறையே நோயைக் காட்டிவிடும். மாதிரி எடுப்பதற்கு முன் இரண்டு மணித்தியாலமாவது சலம் கழிக்காமல் இருப்பது நல்லது, கழித்தால் சிதல் கழுவுண்டு போய்விடும்.

பெண்களில் நிலைமை வேறு. கருப்பை வாயிலிருந்து எடுக்கும் தடவலில் இதே சாயமிடல் ஏறத்தாழ பாதிப்பேரைத் தவறவிடும். அதனால்தான் கிருமியின் மரபுப்பொருளைப் பெருக்கித் தேடும் நியூக்கிளிக் அமிலப் பரிசோதனை இன்று முதன்மையானதாகக் கருதப்படுகிறது. பெண் தானாகவே யோனியிலிருந்து பஞ்சுக் குச்சியால் எடுக்கும் மாதிரி, மருத்துவர் எடுக்கும் மாதிரிக்கு நிகராக வேலை செய்வதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. சோதனைக் கட்டிலில் படுக்கக் கூச்சப்பட்டே வராமல் விடும் பெண்களை நினைக்கும்போது, இந்தத் துறையில் நடந்த மிகப் பயனுள்ள ஆய்வுகளுள் ஒன்றாக இதை நான் மதிக்கிறேன்.

மூன்றாவது முறை கிருமியை வளர்ப்பது. எந்த மருந்துக்குக் கிருமி சாகும், எதற்குச் சாகாது என்பதை அறிய இன்றும் நம்பியிருப்பது இதையே. ஆனால் இந்தக் கிருமி மனித உடலுக்கு வெளியே மிகவும் பலவீனமானது. காய்ந்தாலோ குளிர்ந்தாலோ செத்துவிடும், காபனீரொட்சைட்டு கூடிய காற்று இல்லாவிட்டால் வளராது. வசதி குறைந்த ஆய்வுகூடங்களில் வளர்ப்பூடகத் தட்டுகளைச் சாடிக்குள் வைத்து, மெழுகுதிரி ஒன்றைக் கொளுத்தி மூடிவிடுவார்கள். திரி எரிந்து தானாக அணையும்போது வேண்டிய அளவு காபனீரொட்சைட்டு உள்ளே சேர்ந்திருக்கும். இப்படிப்பட்ட கிருமியின் மாதிரியை யாரிடமாவது கொடுத்தனுப்பிப் பயனில்லை. நீங்களே நேரில் போக வேண்டும்.

இனி அந்தச் சிப்ரோபுளொக்சசின் குளிசை. உங்களுக்குத் தந்தவர் தீமை நினைத்துத் தந்திருக்க மாட்டார், ஒரு காலத்தில் அது இந்த நோய்க்கு நல்ல மருந்தாகவே இருந்தது. கொனோரியாவுக்கு 1930களில் சல்பா மருந்துகள் வந்தன, ஒரு தசாப்தத்துக்குள் கிருமி அவற்றுக்கு அடங்காமல் போனது. பெனிசிலின் வந்தது. அதையே சிதைக்கும் நொதியத்தை உண்டாக்கும் கிருமிகள் 1976 இல் கண்டறியப்பட்டன. சிப்ரோபுளொக்சசினைக் கொனோரியாவுக்குப் பயன்படுத்துவதை 2007 இல் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் நிறுத்தச் சொன்னது. ஆசிய நாடுகளில் அந்த எதிர்ப்பு அதற்கு முன்னரே பரவலாகிவிட்டது. இன்று எஞ்சியிருக்கும் முதன்மை மருந்து செப்ரியாக்சோன் ஊசி. அதற்கும் மசியாத கிருமி ஒன்று 2009 இல் யப்பானின் கியோட்டோ நகரில் பிடிபட்டது.

அப்படியானால் எரிவு ஏன் குறைந்தது என்று கேட்பீர்கள். மருந்து கிருமிகளில் ஒரு பகுதியை அடக்கியிருக்கலாம். மருந்தே எடுக்காவிட்டாலும் சில கிழமைகளில் இந்த நோயின் வெளிக்குறிகள் தாமாகத் தணிவதுண்டு. விடிய வரும் அந்த ஒரு துளி, கிருமி இன்னும் உள்ளே இருக்கக்கூடும் என்பதற்கான அறிகுறி. இப்படியே விட்டால் அது விதைமேற்றிணிவுக்கு, அதாவது விதையோடு ஒட்டியிருக்கும் விந்துக்குழாய்க்கு ஏறி, விதைப்பையில் வீக்கத்தையும் வலியையும் உண்டாக்கலாம். அரைகுறை மருந்தில் தப்பிய கிருமிதான் அடுத்தவருக்குப் போகிறது என்பது எனக்கு இன்னும் பெரிய கவலை. மீதிக் குளிசை இருந்தால் எறிந்துவிடாமல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். எதை, எத்தனை நாள் எடுத்தீர்கள் என்பது பரிசோதனை முடிவை வாசிப்பதற்கும் அவருக்குத் தேவை. எந்தக் காரணம் கொண்டும் அதை மனைவிக்குக் கொடுக்க வேண்டாம், கர்ப்பத்தில் தவிர்க்கும் மருந்து அது.

உலக சுகாதார நிறுவனம் 2024 இல் புதுப்பித்த பரிந்துரை, சிக்கலற்ற கொனோரியாவுக்குச் செப்ரியாக்சோன் 1 கிராம், தசையில் ஒரே ஊசி என்பதாகும். முன்னர் கூடவே கொடுத்த அசித்ரோமைசினுக்கும் எதிர்ப்பு கூடிவருவதால் அதைச் சேர்க்கும் வழக்கம் பல நாடுகளில் கைவிடப்பட்டுள்ளது. கிளமிடியா விலக்கப்படாவிட்டால், ஆண்களுக்கு டொக்சிசைக்கிளின் ஏழு நாளுக்குக் கொடுப்பார்கள். ஊசி வலிக்கும் என்பது உண்மை. அந்த இடத்தை மரத்துப்போகச் செய்யும் மருந்துடன் கலந்து ஏற்றினால் வலி வெகுவாகக் குறையும், கேளுங்கள். பெனிசிலின் ஒவ்வாமை இருந்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

நீங்கள் வாசித்த புது மருந்துச் செய்தி பொய்யல்ல. இரண்டு மருந்துகள் பல ஆண்டு ஆய்வுக்குப் பின் வந்திருக்கின்றன. சொலிபுளோடசின் என்பது தண்ணீரில் கலக்கி ஒரே முறையில் குடிக்கும் 3 கிராம் தூள். தாய்லாந்து, தென்னாபிரிக்கா உட்பட ஐந்து நாடுகளில் 930 பேரைச் சேர்த்து, செப்ரியாக்சோனும் அசித்ரோமைசினும் பெற்றவர்களுடன் அது ஒப்பிடப்பட்டது. மருந்து கொடுத்துச் சில நாட்களின் பின் மீண்டும் மாதிரி எடுத்து வளர்த்துப் பார்த்து, கிருமி வளரவில்லை என்றால் மட்டுமே குணம் என்று கணக்கிட்டார்கள். எரிவு நின்றதா என்று கேட்டு முடிவு கட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். ஜெப்போடிடசின் என்ற குளிசையும் ஏறத்தாழ 600 பேரில் இவ்வாறே ஆராயப்பட்டு, நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு அளவில் குணம் கண்டது. இத்தகைய ஆய்வு, புதிய மருந்து பழையதைவிடச் சிறந்தது என்று நிறுவ முயல்வதில்லை. பழையதைவிட ஏற்க முடியாத அளவு தாழ்ந்ததல்ல என்று காட்டுவதே அதன் நோக்கம். 2025 டிசம்பரில் இரண்டும் அமெரிக்காவில் கொனோரியாவுக்கு அனுமதி பெற்றன.

எனக்கு இது பெரிய ஆறுதல் தரும் செய்தி. எனினும் உங்கள் வீட்டுக்கு அது இன்றைய விடை ஆகாது. செப்ரியாக்சோன் உங்களுக்குப் பலனளிக்காது என்று எண்ணக் காரணம் எதுவுமில்லை. மேலும் அந்த ஆய்வுகளில் கர்ப்பிணிகள் சேர்க்கப்படவில்லை, ஆகவே உங்கள் மனைவிக்கு அந்த மருந்துகள் பாதுகாப்பானவையா என்பதை அவற்றை வைத்துச் சொல்ல முடியாது. செப்ரியாக்சோனோ கர்ப்பிணிகளுக்கு நெடுங்காலமாகக் கொடுத்துப் பழகிய மருந்து.

தடுப்பூசி பற்றியும் கேட்பவர்கள் உண்டு. நியூசிலாந்தில் மூளைக்காய்ச்சலுக்குப் போட்ட ஒரு தடுப்பூசி, போட்டுக்கொண்டவர்களில் கொனோரியாவை ஏறத்தாழ 31 சதவீதம் குறைத்ததாக 2017 இல் வெளியான ஆய்வு காட்டியது. இரண்டு கிருமிகளும் நெருங்கிய உறவினர் என்பதே காரணம். அதே வகைத் தடுப்பூசியை இங்கிலாந்து 2025 ஓகஸ்டில் தொற்று ஆபத்துக் கூடியவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது, ஆனால் பிரான்சில் நடந்த ஒரு ஆய்வில் தெளிவான பாதுகாப்புக் கிடைக்கவில்லை. இன்றைக்கு உங்கள் கையில் உள்ள நம்பகமான தடுப்பு ஆணுறைதான்.

மனைவியின் விடயத்துக்கு வருகிறேன், இந்தக் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது இதுதான். கொனோரியா தொற்றிய பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அறிகுறி எதுவும் தெரிவதில்லை, தெரிந்தாலும் இலேசான வெள்ளைபடுதல் என்று விட்டுவிடுவார்கள். கர்ப்பிணிக் கிளினிக்கில் எடுத்த குருதிப் பரிசோதனை, சிபிலிஸ் என்ற வேறொரு பாலியல் நோயையும் எச்.ஐ.வி.யையும் தேடுவது. தாயிடமிருந்து பிள்ளைக்கு அவை இரண்டும் பரவுவதை ஒழித்ததற்காக இலங்கை 2019 இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. அந்தப் பரிசோதனையில் கொனோரியா தெரியாது. அதாவது, அட்டையில் எல்லாம் நல்லதாக இருக்கும்போதே தொற்றும் இருக்கலாம். பிரசவத்தில் கிருமி குழந்தையின் கண்ணில் பட்டால், இரண்டு முதல் ஐந்து நாட்களுக்குள் இமை வீங்கிச் சிதல் வடியும். உடனே கவனிக்காவிட்டால் பார்வையே போய்விடும். குறைமாதப் பிரசவத்துக்கும் இந்தத் தொற்றுக் காரணமாகலாம். இவை அனைத்தையும் ஒரு ஊசி தடுக்கும், ஆனால் அதைப் போட அவருக்குத் தெரிய வேண்டும்.

சொல்வது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். கோபம் வரும், அழுகை வரும், இரண்டு வீட்டாரும் தலையிடலாம். ஆயினும், "எனக்கு ஒரு தொற்று வந்திருக்கிறது, என்னால் உனக்கும் வந்திருக்கலாம், பிள்ளைக்காக இருவரும் மருந்து எடுக்க வேண்டும்" என்று நீங்களே சொல்வது, பிறகு வேறு வழியால் தெரியவருவதைவிட நல்லது. தனியே சொல்ல முடியாவிட்டால், பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் இருவரையும் இருத்திப் பேச உதவுவார்கள். வெளியூரில் உறவு கொண்ட அந்தப் பெண்ணைத் தொடர்புகொள்ள முடியுமானால் அவருக்கும் சொல்ல வேண்டும், அவர் தனக்கு நோய் இருப்பதையே அறியாதவராக இருக்கக்கூடும்.

முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களிலும் இந்தச் சிகிச்சை நிலையங்கள் உள்ளன. பணம் கட்டத் தேவையில்லை, வேறு மருத்துவரின் கடிதமும் தேவையில்லை, விவரங்கள் இரகசியமாகப் பேணப்படும். எங்கள் ஊர்களில் பேருந்தில் ஏறினாலே தெரிந்த நாலு பேர் இருப்பார்கள் என்ற தயக்கம் நியாயமானதே. அதனால் சொந்த மாவட்டத்தை விட்டுப் பரந்தன் வீதியால் கிளிநொச்சிக்கோ, லொறி ஓட்டத்தோடு வவுனியாவுக்கோ போகிறவர்கள் உண்டு, அதில் தவறில்லை. எங்கே போனாலும் சிபிலிஸ், எச்.ஐ.வி. பரிசோதனைகளையும் செய்துகொள்ளுங்கள். எச்.ஐ.வி.க்கு இப்போது செய்வது மட்டும் போதாது, சொல்லும் திகதியில் மறுபடி செய்ய வேண்டும்.

ஊசி போட்டபின் ஏழு நாளைக்கு, மனைவியும் மருந்து எடுத்து ஏழு நாள் முடியும்வரை, எந்த வகை உறவும் வேண்டாம். ஒருவர் மட்டும் மருந்து எடுத்தால் மற்றவரிடமிருந்து திரும்பத் தொற்றும். வாய்வழி உறவு இருந்திருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், தொண்டையில் உள்ள கிருமியை அழிப்பது கடினம், அதற்குத் தனியே மாதிரி எடுத்துப் பின்னரும் பார்க்க வேண்டியிருக்கும். மூன்று நாளில் சிதல் முற்றாக நிற்காவிட்டால் தவணைக்குக் காத்திராமல் திரும்பிப் போங்கள். எல்லாம் நின்றாலும் மூன்றாம் மாதத்தில் இருவரும் மீண்டும் பரிசோதிக்க வேண்டும். அப்போது அவருக்கு எட்டாம் மாதமாக இருக்கும். மறுபடி தொற்றியிருந்தாலும், பிள்ளை பிறக்க முன்னர் மருந்து கொடுத்து மாற்ற அந்த ஒரு மாதம் போதும்.